முதல் மொட்டை

நாவிதர் புது பிளேடை இரண்டாக உடைத்துக் கத்தியில் சொருகியதும் ஒச்சப்பன் பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டான்.

எதிரே பலகையில் உட்கார்ந்திருந்த தம்பி முகேஷ்குமாரோ, புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

இருபத்தாறு வயதில் முதல் மொட்டை. ஆத்தூர்ப் பக்கத்து இந்தக் குலதெய்வம் கோயிலில் ஒரு வயதிலேயே எடுத்திருக்க வேண்டிய முடி.

எடுக்க முடியவில்லை. கீறினால் ரத்தம் நிற்காத நோய் அவனுக்கு. ஒரு பல் விழுந்தால் மூன்று நாள் ஆஸ்பத்திரி. முட்டி வீங்கினால் பத்து நாள் படுக்கை. அப்படிப்பட்ட பிள்ளை தலையில் கத்தி வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அம்மா கருப்பம்மாள் இருபத்தைந்து வருஷமாகச் சாமியிடம் வாய்தா வாங்கிக்கொண்டே வந்தாள்.

போன வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவனைச் சோதனைச் சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். நோய் உண்டாக்க முடியாதபடி செய்த ஒரு வைரஸில், அவனிடம் பழுதாகிக் கிடந்த மரபணுவின் நல்ல பிரதியை ஏற்றி, நரம்பு வழியாக ஒரே ஒரு முறை செலுத்தினார்கள். அம்புட்டுத்தான். ரத்தத்தை உறைய வைக்கும் சரக்கை இப்போது அவன் ஈரலே செய்கிறதாம்!

அடேயப்பா, மனுசன் மூளைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும் என்று ஒச்சப்பன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். எத்தனை வருஷம் தாங்கும் என்று மட்டும் டாக்டர்களாலேயே உறுதி சொல்ல முடியவில்லை.

இன்றைக்குத் தாங்குமா?

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. கத்தி காதுக்குப் பின்னால் வந்தபோது தம்பி லேசாகத் தலையைத் திருப்பிவிட்டான்.

ஒரு கீறல்.

ரத்தம் பொட்டாகக் கிளம்பி, கழுத்தில் கோடாக இறங்கியது. கருப்பம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒச்சப்பன் பஞ்சோடு பாய்ந்தான்.

"செத்த நேரம் பொறுண்ணே. அதுவா நிக்குதான்னு பாப்போம்" என்றான் முகேஷ்குமார்.

ஒரு சின்னக் கீறலை மூன்று பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது நாவிதருக்கு விளங்கவில்லை.

ஒரு நிமிஷம். இரண்டு. நாலாவது நிமிஷத்தில் அடுத்த சொட்டு வரவில்லை.

நின்றுவிட்டது! ஊரில் எல்லோருக்கும் நிற்கிற மாதிரியே நின்றுவிட்டது.

பொங்கல் வைத்துக்கொண்டிருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, கருப்பம்மாள் ஓவென்று அழுதாள். ஒச்சப்பன் தம்பியின் பாதி மொட்டைத் தலையைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தான்.

மீதியையும் வழித்து, சந்தனம் பூசி முடித்ததும் நாவிதர் பலகையைத் தட்டினார்.

"நீங்களும் உக்காருங்க தம்பி, ஒரே கையா முடிச்சிருவோம்."

ஒச்சப்பன் ஓரடி பின்னால் போனான்.

"எனக்கு வேணாம்ணே. தம்பிக்கு இருந்த ரத்தம் நிக்காத சீக்குத்தான் எனக்கும். வைத்தியத்துக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம். மருந்தைச் சுமந்துக்கிட்டு வர்ற வைரசு எப்பவோ ஒருதரம் எனக்குள்ள வந்துட்டுப் போயிருக்காம். இனி மருந்தோட வந்தாலும் என் உடம்பு அதை அடிச்சு வெரட்டிரும்னுட்டாக."

நாவிதர் கத்தியை மடக்கினார். முகேஷ்குமார் நிமிரவே இல்லை.

ஒச்சப்பன் குனிந்து தம்பியின் தாடையைத் தூக்கினான்.

"ஏலே, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடுற? டாக்டருக அம்புட்டுப் பேரும் வேற வழி தேடிக்கிட்டுத்தான இருக்காக. முடி எங்க போயிரப் போகுது, அதுவரைக்கும் இருக்கட்டும்."