பூம்ஸ்மா சார் தோட்டத்துப் பரீட்சை

கொரோனாவால் இந்த வருஷம் பரீட்சையே கிடையாதென்று அரசாங்கம் சொல்லியாச்சு. பள்ளியில் வாங்கின மார்க்கை வைத்து ரிசல்ட்டும் வந்தாச்சு. அதற்கப்புறமும் மூன்று பிள்ளைகளைத் தன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்த்தி வைத்துக் கணக்குப் பரீட்சை எழுத வைக்கிற வாத்தியாரை என்ன சொல்வது?

"கொழுப்பு!" என்றான் ரின்ஸே. அந்த மூன்றில் ஒருத்தி அவன் மகள் நின்கே.

பேக்கரியை மனைவியிடம் விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தான். வாய்க்காலோரம் அவன் மிதித்த வேகத்தில் வாத்துகள் அலறிக்கொண்டு தண்ணீரில் குதித்தன.

வழியெல்லாம் வீட்டுக்கு வீடு கொடி. ஊர் வழக்கப்படி, பாஸான பிள்ளைகளின் புத்தகப் பை கொடிக்கம்பத்து நுனியில் ஆடியது. அவன் வீட்டில் மட்டும் இல்லை. பையைத் தரமாட்டேன் என்று நின்கே ஒரே பிடிவாதம். நர்ஸிங் காலேஜில் கிடைத்த இடமும் வேண்டாமாம். காரணம் கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

இப்போது புரிந்துவிட்டது. எல்லாம் இந்த ஆள் வேலை!

தோட்டத்தில் மூன்று மேஜைகள், தள்ளித் தள்ளி. நின்கே தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். பூம்ஸ்மா சார் வாசலிலேயே அவனை மடக்கினார்.

"மெதுவா ரின்ஸே. எழுதறாங்க."

"அதைத்தான் சார் கேக்க வந்தேன்! பள்ளிக்கூடம் முடிஞ்சாச்சு. இவங்க இப்ப உங்க மாணவங்களே இல்ல. இன்னும் எதுக்குப் போட்டு வறுக்கறீங்க?"

சார் அவனைக் கோழிக்கூண்டுப் பக்கம் நகர்த்திக்கொண்டு போனார்.

"பாவம் சார், சின்னதுங்க! நாமெல்லாம் கண்ணு முழிச்சுப் படிச்சு எழுதினோம். இதுங்களுக்கு அதிர்ஷ்டம், ஓசி பாஸ்! கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்லித்தான் சிரிச்சுக்கிட்டிருக்கேன். அனுபவிச்சுட்டுப் போகட்டுமே!"

சார் சிரிக்கவில்லை.

"நான் கூப்பிடல ரின்ஸே. உங்க பொண்ணுதான் மத்த ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு வந்தா. 'போன வருஷக் கேள்வித்தாளைக் கொடுங்க சார், ஃபெயிலானா சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துடறேன்'னா."

"பைத்தியமா அவளுக்கு?"

"அஞ்சு வருஷம் நீ உழைச்சதுக்கு வந்த மார்க்கும்மா இது, யாரும் தானமா போடலன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. சரி, எழுதுன்னேன். போன வாரம் எழுதினா. பத்துக்கு எட்டு! அதுவும் பத்தலையாம். இன்னைக்கு இன்னொரு தாள்."

ரின்ஸேயின் குரல் இறங்கியது. "ஏன் சார்?"

"ஒருத்தர் அதையும் இதையும் சொல்லிச் சிரிச்சிருக்கார். திரும்பத் திரும்ப. நாளைக்கு நர்ஸா போய் நின்னா நோயாளிங்ககூட இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே நினைப்பாங்கன்னு இங்க உக்காந்து அழுதா. பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு."

ரின்ஸேக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது.

"எவன் சார் அவன்? என் பொண்ணை அழ வைக்கிறவன்? பேரைச் சொல்லுங்க, இப்பவே போய் நாக்கை இழுத்து வெச்சு அறுக்கறேன்!"

"வேண்டாம் ரின்ஸே."

"என்ன வேண்டாம்? பெத்தவன் சார் நான்! எனக்குத் தெரியணுமா வேண்டாமா?"

பூம்ஸ்மா சார் நின்கே இருந்த பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க சார், எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினா. உங்களுக்கு மனசு உடைஞ்சு போயிடுமாம்."