பதின்மூன்றாவது சண்டை

நடுவர் ஆறு எண்ணிவிட்டார். எதிராளி ராம்கி இன்னும் எழுந்திருக்கவில்லை. மூலையில் நின்ற வேல்பாண்டிக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. பன்னிரண்டு சண்டை பார்த்தவன்தான், ஆனால் தன் முன்னால் இன்னொருவன் விழுந்து கிடப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

விலாவில் ஒரு வலக்கைக் குத்து, அவ்வளவுதான். ராம்கி இடது கையைத் தரையில் ஊன்றி, ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டான். படவேண்டிய இடத்தில் பட்டால் யானையும் படுக்கும் என்பார்கள், பட்டிருக்கும் போலிருக்கிறது.

பத்து எண்ணி முடித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரின் அந்தக் கல்யாண மண்டபமே எழுந்து நின்று கூச்சல் போட்டது. நடுவர் வேல்பாண்டியின் கையைத் தூக்கிப் பிடித்தார். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அவன் மனைவி கார்த்திகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சோழபுரத்து வேல்பாண்டிக்கு முப்பத்தைந்து வயது. ராஜபாளையம் நூல் மில்லில் ஷிப்ட் வேலை, மிச்ச நேரம் தொழில்முறைக் குத்துச்சண்டை. பன்னிரண்டிலும் தோல்வி. ஆனால் எதிராளி யார், எத்தனை கிலோ கூடுதல், எத்தனை பேரைச் சாய்த்தவன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. போன் வந்தால் 'வாரேன்' என்ற ஒரே சொல்தான். அடி வாங்குவதற்கு லீவு போடும் ஒரே ஆள் என்று மில்லில் கேலி செய்வார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

ஒருமுறை வெளியூரில், முதல் ரவுண்டிலேயே படுத்துவிடச் சொல்லிக் காதோடு பேசினார்கள். "அவன் விழ வைக்கட்டும், விழுறேன். நானா விழ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஆறு ரவுண்டும் உடைந்த மூக்கோடு நின்றுவிட்டு வந்தான். இத்தனை வருடத்தில் அவன் சம்பாதித்தது அந்த வீம்பு ஒன்றுதான்.

அந்த வீம்புக்கும் விலை இருந்தது. இடது காது மந்தமாகி ஒரு வருடமாகிறது. சில நாள் காலையில் பல் விளக்கும்போதே தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொள்வான். இனித் தலையில் பலமாக ஓர் அடி விழுந்தால் ஆள் மிஞ்சமாட்டான் என்று டாக்டர் கார்த்திகாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அவள் அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. கடைசியில் ஆண்டாள் சன்னதியில் நின்று இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இன்றைக்குத் தோற்றால் அவன் இனி ரிங் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது; ஜெயித்தால் அவள் மறிக்கக்கூடாது. பன்னிரண்டு தோற்றவன் பதின்மூன்றாவதும் தோற்கத்தானே செய்வான் என்று நம்பிச் சத்தியம் செய்தவள் அவள், பாவம்.

சண்டைக்காரர்கள் உடை மாற்ற, மண்டபத்தின் மாப்பிள்ளை அறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். வேல்பாண்டி அங்கே உட்கார்ந்து கையில் சுற்றியிருந்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கார்த்திகா வந்தாள். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை.

"ஜெயிச்சிட்டிய. நான் குடுத்த வாக்கு வாக்குதான்" என்றாள். வெளியே மில்காரர்கள் காத்திருக்கிறார்கள், பால்கோவா வாங்கி வருகிறேன் என்று சொல்லி, அவன் பதில் பேசுவதற்குள் போய்விட்டாள். அவள் குரல் அடைத்திருந்ததை அவனுடைய மந்தக் காது கவனிக்கவில்லை.

அவள் போன கையோடு நவநீதகிருஷ்ணன் வந்தார். வேல்பாண்டியின் எல்லாச் சண்டைகளையும் பேசி முடிப்பவர் அவர்தான். அடுத்த மாதம் சென்னையில் பெரிய சண்டை என்றார். எதிராளி பதினாறு சண்டையில் பதினாறும் ஜெயித்தவன்; அதில் பதினான்கு பேரைத் தூக்கித்தான் கொண்டுபோனார்களாம்.

"தோத்துக்கிட்டே இருக்க ஆளுக்கு அங்க அனுமதி கெடையாதுலே. ஒரு ஜெயிப்பாவது வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாக. இப்பந்தான் வந்துருச்சே."

வேல்பாண்டி எதிராளியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

தனியானதும் அவன் கண்ணாடியைப் பார்த்தான். யாரோ ஒரு கல்யாண வீட்டுக்காரி ஒட்டிவைத்துவிட்டுப் போன பொட்டு ஒன்று அதில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஜெயித்தவனின் முகம், தன் முகம். பதினாறு ஜெயித்தவனுக்கும் விலா என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அடுத்த சண்டையை ஜெயிக்க முடியும் என்று நம்பினான்.

கதவைத் தள்ளிக்கொண்டு ராம்கி வந்தான், தோளில் பையோடு, ஊருக்குக் கிளம்பிய கோலத்தில். வேல்பாண்டி பதறி எழுந்து ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்திப் போட்டான். விலா ரொம்ப வலிக்கிறதா, ஆஸ்பத்திரிக்குக் கூட வரட்டுமா என்று கேட்டான்.

ராம்கி உட்காரவில்லை. வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். பிறகு பக்கத்தில் வந்து, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி, தணிந்த குரலில் கேட்டான்.

"நான் விழுந்தது நெசம் மாதிரி இருந்துச்சாண்ணே?"