கழுத்துக்கு மேலே

பாண்டிச்செல்வியின் ஒன்பதாவது பெரியப்பா செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் காலமானார். கம்ப்யூட்டர் திரையில் இருந்த பெங்களூர் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அழணும்னா அழுதுடும்மா" என்றார்.

"அழுதுட்டேன் டாக்டரம்மா. இன்னொண்ணு சொல்லணும்" என்றாள் பாண்டிச்செல்வி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த எச்.ஆர். ஆபீசர் வெங்கடேசன் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒரகடத்தில் செல்போன் சார்ஜர் பூட்டும் கம்பெனி அது. லைனில் நிற்பவர்கள் அத்தனை பேரும் தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள். இரண்டாயிரத்து ஆறு ஆனி மாதம், ஒரே வாரத்தில் பதினோரு பேர் மயங்கி விழுந்தார்கள். மூன்று மாதத்துக்குள் இது நிற்காவிட்டால் வெங்கடேசன் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று தலைமை ஆபீஸிலிருந்து மரியாதையாகக் கடிதம் வந்தது.

வெங்கடேசன் அரைமணி நேரம் யோசித்தார். அவருக்கு அதுவே அதிகம். "எல்லாம் மனசுதான் சார். எங்க தண்டலத்துப் பொம்பளைங்க நாள் பூரா வெயில்ல நாத்து நட்டாங்க. ஒருத்தி வுயுந்திருப்பாளா? இதுங்க ஊர நெனச்சிக்கினு வுயுதுங்க" என்று மேனேஜரிடம் சொன்னார்.

மனசுக்கு மருந்து பெங்களூரில் இருந்தது. பிராட்பேண்டு லைன் இழுத்தார்கள். கம்ப்யூட்டரின் தலையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கேமரா வைத்தார்கள். மேனேஜர் கழித்துப்போட்ட சுழல் நாற்காலி ஒன்று பஞ்சு பிதுங்கியபடி குடோனில் கிடந்தது. அதையும் கொண்டுவந்து போட்டார்கள். ஆளுக்குக் கால்மணி நேரம் கவுன்சிலிங்.

பலன் என்றால் அப்படியொரு பலன். காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனவள் விறுவிறுவென்று வெளியே வந்தாள். "மனசு சரியாச்சுன்னா காலு தன்னால நடக்கும் சார்" என்று வெங்கடேசன் விளக்கம் சொன்னார். மேனேஜர் அதை டைரியில் குறித்துக்கொண்டார். அவரும் அந்த ரகம்தான்.

மயக்கம் அடியோடு நின்றது. மனம் திறந்து பேச இவ்வளவு ஆசைப்படும் பெண்களைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்றும், நேரமாகிவிட்டது என்றால்கூட எழுந்து போக மறுக்கிறார்கள் என்றும் டாக்டரம்மா நாற்பது பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். பாவம், அவரையும் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கேமராவில் கழுத்துக்கு மேலேதான் தெரியும்.

ஒருமுறை அவர் தங்கமாரியிடம், வேலை செய்யும் இடத்தில் ஏதாவது கஷ்டமா என்று நேராகவே கேட்டார். தங்கமாரி கதவுக்கண்ணாடியில் விழுந்திருந்த வெங்கடேசனின் நிழலைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுடைய பெரியப்பாவும் செத்துப்போனார்.

இந்த அதிசயத்தைப் படமெடுக்கத் தலைமை ஆபீஸிலிருந்து பெரியவர் ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. அவர் திருப்தியாகப் போனால் வேலை நிலைத்துவிடும். வெங்கடேசன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நல்ல அறைக்கு நடுவே பஞ்சு பிதுங்கிய குப்பையா என்று முகம் சுளித்தார்.

புதிதாகத் தட்டைத் திரை வாங்கி, ஏர்போர்ட்டில் இருப்பதுபோல் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கம்பத்தில் மாட்டவைத்தார். குப்பையைக் கேட்டில் காவல் நிற்கும் முனிரத்தினத்திடம் தள்ளிவிட்டார்.

அடுத்த நான்கு நாள் டாக்டரம்மா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்சிலிங்குக்கு ஒருத்தியும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை லைனில் இரண்டு பேர் விழுந்தார்கள். பெரியவர் திங்கட்கிழமை வருகிறார்.

டீ நேரத்தில் வெங்கடேசன் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தார். கேட்டருகே பதினைந்து பெண்கள் வரிசையில் காத்திருந்தார்கள். முன்னால் தங்கமாரி உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, முனிரத்தினம் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வெங்கடேசன் படியிறங்கிப் போய் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கூப்புடல சார். தானா வந்து மனசுல கீறதச் சொல்லிக்கினு போவுதுங்க" என்றார் முனிரத்தினம். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க கொஞ்சம் மெதுவா பேசுங்க. பாண்டிச்செல்வியோட பெரியப்பா நேத்து தவறிட்டாராம்" என்றார்.

வெங்கடேசனுக்கு வயிறு எரிந்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஆள். கேட்டைத் திறப்பதற்கே இரண்டு தடவை ஹாரன் அடிக்க வேண்டும். இவன் மனசு டாக்டராம். அந்தப் பெங்களூர்க்காரம்மா லண்டன்வரை போய்ப் படித்தவர்.

ஆனால் வேலை போகிற நேரத்தில் வீம்பு பார்த்தால் ஆகுமா? வரிசையில் நின்ற பாண்டிச்செல்வியைத் தனியே கூப்பிட்டார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவருடைய குரல் இறங்கியிருந்தது.

"ஒன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன், உண்மையச் சொல்லிடும்மா. அவ்ளோ படிச்ச டாக்டரம்மாகிட்ட இல்லாதது இந்த முனிரத்தினத்துகிட்ட அப்படி இன்னாதான் கீது?"

பாண்டிச்செல்வி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி நின்றாள்.

"நாக்காலி, சார்."