கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"அக்கா, பேனா இருக்கா?"

குடும்ப நீதிமன்றச் சந்திப்பு அறையின் பொறுப்பாளர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக் ஒரு வெள்ளைத் தாளோடு நின்றிருந்தான். அவன் மகள் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"என்ன தம்பி, காதல் கடிதமா?"

"ஆட்சேபணை மனு. கீழே வக்கீல் சங்க போர்டைப் பாத்தீங்களா? கத்தரிக்கு விருதாம்!"

கத்தரி என்பது நீதிமன்ற வளாகம் வைத்த பெயர். எதிர்த்தரப்பு ஆளை நாலு கேள்வியில் நறுக்கிவிடும் பெண் வக்கீல். மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் அவன் மனைவிக்காக வாதாடியவரும் அவர்தான்.

"தொழிலுக்கும் தொண்டுக்கும் சேர்த்து விருதாம். தொழில்ல இருபத்தாறு வருஷ அனுபவம், சரி, இருக்கட்டும். தொண்டுன்னு ஒரு கட்டம் போட்டு அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'விவரம் சொல்வதற்கில்லை.' இருந்தாத்தானே சொல்றதுக்கு! ஆட்சேபணை இருந்தா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பெட்டியில போடணும். எனக்கு இருக்கு, மலை மாதிரி இருக்கு."

பேனாவை வாங்கி, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினான்.

கூண்டில் நின்றபோது கத்தரி அவனுக்கு நாலு கேள்வி கூடச் செலவழிக்கவில்லை. இரண்டே இரண்டு.

"மகளை மொட்டை மாடி மெஷின் ரூமில் உட்கார வைத்துவிட்டு இன்னொரு கட்டடத்துக்கு வேலைக்குப் போனீர்களா, இல்லையா?"

போனான். அரை மணியில் வந்துவிடலாம் என்று போனவன் மூன்று மணி நேரம் கழித்து வந்தான்.

"உங்கள் மகளின் செருப்பு அளவு என்ன?"

நாற்பது கட்டடங்களின் லிஃப்ட் கயிற்று அளவை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவனுக்கு அது தெரியவில்லை. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

தீர்ப்பு வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், இந்த அறையில் மட்டும் மகளைப் பார்க்கலாம். அம்மா தரப்பு ஆள் ஒருவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கவனிக்க வேண்டும். ஆள் வராவிட்டால் சந்திப்பும் கிடையாது.

முதல் ஒன்றரை மாதம் ஆளே வரவில்லை. அவன் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். பிறகு ஒரு சனிக்கிழமை கதவு திறந்திருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இவனைத் தெரியும். இவனுக்குக் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பது மச்சான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வரும்போது ஒரு முறை, போகும்போது ஒரு முறை கண்ணாடியைப் பார்த்து மீசையை முறுக்குவான்.

"மாமாவுக்கா காட்டுறே?" என்று மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மனுவை எழுதி முடித்தவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, திங்கக்கிழமை கோர்ட்டு. இனிமே பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா கூடாதான்னு அன்னைக்கு முடிவாயிடும். கண்ணாடிக்காரர் ரிப்போர்ட் குடுத்துட்டாரா?"

"வந்தாச்சு. இது உங்க பிரதி."

அவன் உறையை வாங்கினான். இருபதாவது மாடியில் தொங்கிக்கொண்டு போல்ட் முடுக்குகிறவனுக்கு அதைப் பிரிக்கத் துணிவு வரவில்லை. உறையைத் திருப்பிக் கொடுத்தான்.

"நீங்களே படிங்க. மச்சான் வெச்சு செஞ்சிருப்பான்."

அவர் படித்தார்.

"'பத்து சந்திப்புகள் நடந்தன. தந்தை ஒரு நாளும் தாமதமாக வரவில்லை. ஒரு நாளும் போனை எடுத்துப் பேசவில்லை. ஆறாவது சந்திப்பில் மகளுக்குச் செருப்பு வாங்கி வந்தார். அளவு சரியாக இருந்தது. மீசை முறுக்குவதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். இனி கண்ணாடிக்குப் பின்னால் ஆள் தேவையில்லை. மகள் தந்தையின் வீட்டுக்குப் போய்வர அம்மாவும் சம்மதிக்கிறார்.'"

அவன் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"நிஜமாவா? இன்னொரு தடவை படிங்க."

படித்தார். அவன் சட்டையின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"பாவம் அக்கா, மச்சானைத் தப்பா நினைச்சுட்டேன். போய்க் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும்."

"உங்க மச்சான் இந்த மாடிப்படியையே மிதிச்சதில்ல தம்பி."

அவர் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். கீழே ஒரு கையெழுத்து இருந்தது. அதை அவன் முன்பே பார்த்திருக்கிறான். தன் மேல் போட்ட வழக்கின் ஒவ்வொரு தாளிலும்.

"வீட்டு ஆளுங்க யாரும் வர மாட்டேன்னுட்டாங்க. 'அந்தப் பிள்ளை வந்து வந்து பூட்டைப் பாத்துட்டுப் போகுது'ன்னு நான்தான் வக்கீலம்மாவுக்கு போன் பண்ணேன். அடுத்த சனிக்கிழமை அவங்களே வந்து உக்காந்துட்டாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கட்டளை. கையெழுத்து அவங்க போட்டது, நான் ஒண்ணும் சொல்லல."

அவன் கண்ணாடியைப் பார்த்தான். கை தானாக மீசைக்குப் போய், பாதியில் இறங்கியது.

மாடிப்படியில் புதுச் செருப்பு தடதடவென்று ஏறி வரும் சத்தம் கேட்டது. வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் அவசரமாக ஆட்சேபணை மனுவை நாலாகக் கிழித்தான்.

"அக்கா, இன்னொரு தாள் குடுங்க. அந்தப் பேனாவும்."

இந்த முறை அழுத்தாமல் எழுதினான்:

'விருதுக் குழுவினருக்கு, அந்த வக்கீலம்மா சொல்லாமல் விட்ட விவரம் என்னிடம் இருக்கிறது.'