பூட்டிய புல்வெளி

"கூட்டைக் கலைச்சது அந்த ஆட்டுக்காரன்தான் சார். வேற யாருக்கு இவ்வளவு வயித்தெரிச்சல் இருக்கும்?"

மனுவை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் ஓய்வுபெற்ற வாத்தியார். எந்நேரமும் கழுத்தில் தொங்குவதை வைத்து, குத்தகை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பைனாகுலர் சார்.

குத்தகை அதிகாரிக்கு விவகாரம் புதிதல்ல. ஏரிக்கரையில் நாற்பது ஏக்கர் அரசுப் புல்வெளி. ஆள்காட்டிக் குருவிகள் தரையில் முட்டையிடும் இடம் என்பதால் பாதுகாக்கப்பட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேய்ச்சலுக்கு ஏலம் விடுவார்கள். ஒன்பது வருடமாக ஒரே ஆட்டுக்காரர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். போன வருடம் வாத்தியார் போட்டிக்கு வந்து, கூடுதல் தொகை கேட்டு வாங்கிவிட்டார். மறுநாளே கேட்டில் பூட்டு. ஆட்டுக் குளம்பு படாமல் குருவிகள் நிம்மதியாக இருக்கட்டும் என்றார்.

ஊரே மெச்சியது. அதிகாரியும்தான்.

இந்த வருடம் அங்கே ஒரு கூடுகூட இல்லை.

இருவரும் ஜீப்பில் போய்ப் பார்த்தார்கள். புல் இடுப்பளவு நின்றது. எவ்வளவு செழிப்பு பாருங்கள் என்று வாத்தியார் கை நீட்டிக் காட்டினார். காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை.

அதிகாரி ஜீப்பில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டினார். குத்தகைப் பத்திரத்தின் நான்காம் நிபந்தனையில் கண் நின்றது. புல் கணுக்காலுக்கு மேல் வளராதபடி மேய்க்க வேண்டும். எத்தனையோ முறை முத்திரை குத்திய தாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட் பூட்டியபோதும் கேட்கவில்லை. படித்தவர், பறவைக்காகச் செய்கிறார் என்று விட்டுவிட்டார்.

ஆட்டுக்காரர் இதே நிபந்தனையை மீறியிருந்தால் விட்டிருப்பேனா?

பதில் தெரிந்ததால் கோப்பை மூடினார்.

ஆட்டுக்காரர் இப்போது செங்கல் சூளைக்குப் பின்னால், சூளைக்காரரின் நிலத்தில் வாடகைக்கு இருந்தார். மொத்தம் ஐந்து ஏக்கர். அதிலும் பாதிக்குக் குறுக்கே கயிறு கட்டி, ஆடுகளை இந்தப் பக்கமே நெருக்கிப் போட்டிருந்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தன. அவர் மனைவி எங்கிருந்தோ வெட்டிவந்த தழையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கூட்டையெல்லாம் என்னப்பா பண்ணினே?" என்றார் வாத்தியார், வணக்கத்துக்குப் பதிலாக.

ஆட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். நீங்கதான் பண்ணிட்டீங்க."

குரலில் கோபமே இல்லை. அந்தக் குருவி உட்கார்ந்த இடத்திலிருந்து நாலு பக்கமும் பார்க்க வேண்டும், நரி வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்றார். தலைக்கு மேல் புல் நின்றால் அதற்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. ஆடு மேய்ந்து தரை தெரிந்ததால்தான் ஒன்பது வருடமும் வந்தது.

வாத்தியார் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதெல்லாம் கதை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்திருப்பார்.

"அவர் சொல்றது சரிதான் சார்," என்றார் அதிகாரி. "பத்திரத்துலயே இருக்கு. அப்பவே நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து கேட் சாவியை எடுத்து நீட்டினார்.

"நாளைக்கே ஆட்டை ஓட்டிட்டு வாப்பா. எழுதியே தந்துடறேன். எனக்கு எதுவும் வேண்டாம்."

விதியில் அதற்கு இடம் இருப்பதாக அதிகாரியும் சொன்னார். மனைவி தழையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஆடுகளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆட்டுக்காரர் சாவியை வாங்கவில்லை.

"இன்னும் இருபது நாள் போகட்டும் சார்."

வாத்தியாரின் முகம் சுண்டிப்போயிற்று. இறங்கி வந்து கேட்டும் இவ்வளவு ரோஷமா என்றார். அதிகாரிக்கும் அப்படித்தான் பட்டது. பட்டினி கிடப்பது இவரா? ஆடுகள்தானே?

"ரோஷமா? அது இருந்தா நாங்க ஏன் இப்படி இருக்கோம்," என்றாள் மனைவி. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சும்மா இரு என்று அவர் கையைக் காட்டினார். ஆள் நடமாடினால் காக்கைக்கு இடம் தெரிந்துவிடும் என்று முணுமுணுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெதுவாக வரச்சொல்லிச் சைகை காட்டி, இருவரையும் கயிறு வரை கூட்டிப்போனாள்.

வெறும் தரை. மண் கட்டிகள். அவள் விரல் காட்டிய இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மண் நிறத்திலேயே புள்ளி போட்ட நான்கு முட்டைகள். அப்பால் இன்னொரு கூட்டில் குருவி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வாத்தியாரின் கை வழக்கம்போல் பைனாகுலருக்குப் போய், பாதியில் நின்றது.

"மொத்தம் ஆறு கூடு சார்," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "எங்க ஆடு மேஞ்ச தரையைப் பார்த்து வந்துடுச்சுங்க. நாங்க காலி பண்ணினா மறுநாளே சூளைக்காரர் மண்ணள்ள ஆள் விட்டுடுவாரு. குஞ்சு பொரிக்க இன்னும் இருபது நாள் இருக்கு."