வாப்பாவின் கடைக்கு இரண்டு பார்ட்டி

"இங்க பாருங்க, ஒங்கட தம்பி வண்டி கட்டிட்டார்!"

ஜன்னலிலிருந்து மனைவி ஹம்ஸியா போட்ட சத்தத்தில், றவூப் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். தெருவின் எதிர்ப்பக்கம் மர்ஸூக் குதிரை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"விடிஞ்சதும் நான் போய் நிக்கணும் எண்டு இரிந்தன். முந்திட்டானே!"

"வண்டி பெரிய ரோட்டால சுத்தித்தான் போகணும். நீங்க பள்ளிவாசல் ஒழுங்கையால எறங்குங்க!"

ஐம்பது வயதைக் கடந்த றவூப், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பதுளைக் கடைத்தெருவில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. முருகையா கங்காணி இன்று பழைய கடையை விற்கிறார் என்பது ஊருக்கே தெரியும்.

அது அண்ணன் தம்பி இருவருடைய வாப்பா மொஹிதீன் தரகுத் தொழில் தொடங்கிய கடை. கோப்பிச் செடிகள் நோய் வந்து பட்டுப்போய், வெள்ளைக்காரத் துரைமார் கிடைத்த விலைக்குத் தோட்டங்களைத் தள்ளிவிட்டுக் கப்பலேறிய காலம் அது. "மண் எங்கயும் போகாது துரை, வேற பயிர் வரும்" என்று சொல்லிச் சொல்லியே ஆள் பிடித்தார் மொஹிதீன். தேயிலை வந்தது. நமுனுகுலவிலிருந்து ஹாலிஎல வரை அவர் காலடி படாமல் ஒரு காணியும் கைமாறவில்லை.

அவர் மௌத்தாகிக் கண்மூடியதும், யார் பெயர் பலகையில் முதலில் வருவது என்று மகன்கள் இருவருக்கும் சண்டை. கடையை முருகையாவுக்கு விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் 'மொஹிதீன் மூத்த மகன்' என்று பலகை மாட்டினார். மற்றவர் எதிரிலேயே 'அசல் மொஹிதீன் கம்பனி' என்று மாட்டினார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இப்போது பதுளைக்கு ரயிலும் வந்துவிட்டது. ஸ்டேசனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடை என்றால் கேட்கவா வேண்டும்?

ஒழுங்கையிலிருந்து பழைய கடை வாசலுக்கு றவூப் பாய்ந்து வந்ததும், வண்டியிலிருந்து மர்ஸூக் குதித்ததும் ஒன்றாக நடந்தன.

"வாங்க முதலாளி, ரெண்டு பேருமே வாங்க" என்றார் முருகையா. "இந்தக் கதவுதாங்க தொறக்க மாட்டேங்குது."

மர்ஸூக் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினார். அதே நேரம் றவூப் கீழ்ப்பலகையில் காலால் ஒரு உதை விட்டார். கதவு திறந்தது. வாப்பா இருந்தபோது தினமும் காலையில் இருவருமாகச் சேர்ந்து செய்த வேலை அது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

"கடைய வாங்குற என்ட பார்ட்டி இண்டைக்கே உறுதிப் பத்திரம் முடிக்க ரெடி" என்று ஆரம்பித்தார் றவூப்.

"என்ட பார்ட்டி அவர் செல்ற விலைக்கு மேல தரும்" என்றார் மர்ஸூக்.

"அதுக்கும் மேல என்ட பார்ட்டி தரும்!"

"எனக்குத் தரகே வேணாம் கங்காணியார்!"

"எனக்கும் வேணாம். உறுதி எழுதுற நொத்தாரிசு செலவும் என்னோட!"

முருகையா தலைப்பாகையைச் சரிசெய்தபடி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "தரகு வாங்காத தரகர இன்னிக்குத்தாங்க பாக்குறேன்."

றவூப் பொறுக்க முடியாமல் தம்பியை நேராகப் பார்த்துப் பேசினார். "மர்ஸூக், இதுல மட்டும் வெலகிக்க. ஸ்டேசன் ரோட்டுல ஆயிரம் கடை இரிக்கி. இது வாப்பா குந்தின இடம். யாரோ கொழும்புக்காரனுக்கு இத வாங்கிக் குடுக்க ஒனக்கு மனசு வருதா?"

"நானா, நீங்க மட்டும் என்ன? யாரோ துரைக்குத்தானே கேக்கிறீங்க?" என்று அண்ணனிடம் திருப்பிக் கேட்டார் மர்ஸூக்.

"துரையுமில்ல, ஒருத்தனுமில்ல! வாப்பாட கடைய வெளியாளுக்கு நான் விடுவனா?"

"நான் மட்டும் விடுவனா?" என்றார் மர்ஸூக். "பலகைல ஒங்கட பேர முதல்ல போட்டிருந்தா இந்தக் கடையே போயிரிக்காது. அத நெனச்சு நான் தூங்காத நாள் இரிக்கி. ஆனா இப்ப வெலக ஏலாது. வாக்குக் குடுத்திட்டன்."

றவூப் தம்பியின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். "ஒன்ட பேரயே முதல்ல போட்டிருக்கலாம் தம்பி. நானும் வாக்குக் குடுத்திட்டன். அதான் தவிக்கிறன்."

மூத்தவரை நானா என்றும் இளையவரைத் தம்பி என்றும் அவர்கள் கூப்பிட்டுப் பேசி வருஷக்கணக்காகிறது. இருவருக்குமே அது அப்போதுதான் உறைத்தது.

"சரிங்க" என்றார் முருகையா. "ரெண்டு பேரும் அவங்கவங்க பார்ட்டி பேரச் சொல்லிடுங்க. கேட்டுட்டு முடிவு சொல்றேன்."

"பேர் செல்ல ஏலாது" என்றார் மர்ஸூக். "செல்ல மாட்டன் எண்டு ஆணையிட வச்சிட்டாங்க."

"என்னையும்தான்" என்றார் றவூப்.

"அப்ப ஏவாரம் இல்லீங்க. நான் கதவப் பூட்டிட்டுக் கெளம்புறேன்."

கங்காணி எழுந்தேவிட்டார். வாக்கு போனாலும் போகட்டும், கடை போகக்கூடாது என்று சகோதரர்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. இரண்டு வாயிலிருந்தும் ஒரே பெயர் வந்தது.

"பண்டாரவளை ஸவாஹிரா!"

அது அவர்களுடைய ஒரே தங்கச்சியின் பெயர்.

பின்வாசலால் முன்பே வந்து காத்திருந்த ஸவாஹிரா, பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தாள். "கடைய நான் நேத்தே வாங்கி, உறுதியும் முடிச்சிட்டன் நானா. ஒங்க ரெண்டு பேரையும் ஒரு இடத்துல நிப்பாட்டிக் கதைக்க வைக்கத்தான் எனக்கு வேற வழி தெரியல்ல."