நளாயினி காத்திருந்த சொல்

குடும்பத்தோடு பின்லாந்தில் மூன்று வருடம் இருக்கப் போகிறார்கள். வீட்டுக் கூடமெங்கும் பெட்டிகள் திறந்து கிடந்தன. கம்பளி உடுப்புகளின் மேல் மாலை வெயில் மஞ்சளாகப் படிந்திருந்தது.

ஐந்து வயது வெண்பாவின் காதோரம், தூக்கத்திலேயே புது மொழி கற்றுத்தரும் மொழிப்பட்டையை ஒட்டி ஒரு வாரமாகிறது. ஒவ்வொரு முறை தூங்கி எழும்போதும் அவள் வாயில் பின்லாந்துச் சொற்கள் புதிதாகப் பூத்திருந்தன. தம்பி ஆதனுக்கு ஒன்றரை வயது. இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

"இவனுக்கும் ஒட்டிரலாம் நளா. அங்க போய்த் திண்டாடக் கூடாதுல்ல?" என்றான் சிபி.

"வேண்டாங்க. முதல்ல என்னைய அம்மான்னு கூப்பிடட்டும். அப்புறம் எந்தப் பாஷை வேணாலும் பேசட்டும்," என்றாள் அவன் மனைவி நளாயினி. தன் வாயிலிருந்து அவன் தமிழ் மட்டுமே கேட்கட்டும் என்று அவளும் பட்டை ஒட்டிக்கொள்ளாமல் இருந்தாள்.

அவள் ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டிருந்தபோது, ஆதன் பெட்டிக்குள் ஏறி நின்று படகில் போவதுபோல் ஆடினான். எதிரே உட்கார்ந்து வெண்பா அவனிடம் ஏதோ மெல்லப் பேசிக்கொண்டேயிருந்தாள். திடீரென்று அவன் நளாயினியைப் பார்த்துக் கைகளை நீட்டினான்.

"ஆய்த்தி!"

நளாயினிக்குப் புரியவில்லை. தண்ணீர் கேட்கிறானா, பொம்மை கேட்கிறானா?

"ஆய்த்தி!" அவன் உதடு பிதுங்கியது.

"உன்னையத்தாம்மா கூப்பிடறான்," என்றாள் வெண்பா. "அங்க அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

நளாயினிக்குக் கண் நிறைந்தது. கூடம் முழுவதும் வெறும் வெயிலாகக் கலங்கித் தெரிந்தது. குழந்தை இன்னும் கைகளை நீட்டியபடியே நின்றான்.

"வந்துட்டேன்டா தங்கம்," என்று ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டாள்.